தளிர்விட்ட இரட்டைக்குழல்

கரமனை வேலாயுதனின் இரட்டைக்குழல் துப்பாக்கி, பார்லிமெண்ட் தேர்தல் முடிவு வந்த அன்று காலை போலீஸ் ஸ்டேஷனில் தளிர்விட்டது. அந்த ஜூன் மாதம் மழை நன்றாகப் பெய்ததில் ஊரில் பலதும் தளிர்த்திருந்தன. ஸ்டேஷனில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு துப்பாக்கியோடு அது ஒட்டி வளர்ந்துவிட்டதுதான் சிக்கலாகப் போயிற்று.

வேலாயுதன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர். துப்பாக்கி அவருக்கு மாமா வழியில் வந்தது; பழைய இங்கிலாந்து வேலை. வால்நட் மரத்துப் பிடிக்கட்டையில் தேன் வழிந்து உறைந்தது போல் ரேகைகள், இரும்புத் தகட்டில் உளியால் செதுக்கிய இரண்டு தாரா வாத்துகள், மரமும் இரும்பும் சேரும் இடத்தில் நகம்கூட நுழையாத பொருத்தம். ஞாயிறுதோறும் ஆளிவிதை எண்ணெய் தொட்டு உள்ளங்கை சூடாகும்வரை தேய்ப்பார். பிறகு குழல்களைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே வளையம் வளையமாக மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறைகூடச் சுட்டதில்லை. இளமையில் பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் ஜாதகம் பேசுவதற்கு முன்பே கட்டையின் ரேகையைப் பற்றிப் பேசியதில், சம்பந்தங்கள் ஒவ்வொன்றாக நழுவிப் போயின. அதில் தனக்கு வருத்தமில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலாயுதன் மட்டும் கான்ஸ்டபிள் ஸ்ரீகுமாரை விடவில்லை. "சிமெண்ட் தரையில நிறுத்திராதப்பா, கேட்டியா? அடியில கீறல் விழுந்திரும். மெத்துன்னு எதாவது போடணும்." ஸ்ரீகுமார் ஸ்டேஷன் மொட்டைமாடியில் பைகளில் வெண்டையும் மிளகாயும் வளர்ப்பவன். அவனுக்குத் தெரிந்த மெத்தை, செடிக்குப் போடும் தென்னைநார்த் தூள்தான். ஒரு பெரிய தொட்டியில் அதை நிரப்பி வேலாயுதனின் துப்பாக்கியை ஊன்றினான். இடம் மிச்சமிருந்ததால் அடுத்து வந்ததையும் அதிலேயே ஊன்றினான். ஆயுத அறைக் கூரை ஒழுகும் இடம் நேராகத் தொட்டிக்கு மேலே இருந்தது.

அடுத்து வந்தது ரத்னாபாயின் துப்பாக்கி. கணவர் இறந்தபின் அவர் கரமனையில் குடியிருந்தாலும், பாறசாலையில் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்குக் காட்டுப்பன்றிகள் வந்தன. அவருடையது ஒற்றைக்குழல். பழைய கட்டை உடைந்தபோது அவர் அப்பா தோட்டத்து அயினிப்பலா மரத்தில் புதிதாகச் செதுக்கிப் போட்டது. இப்போது இரண்டு கட்டைகளும் ஒட்டுமாங்கன்று போல ஒன்றாகியிருந்தன. ஒரு பக்கம் வால்நட் இலை, மறு பக்கம் அயினி இலை. துப்பாக்கியைத் திரும்ப வாங்க வந்த இருவரும் தொட்டியருகே நின்றார்கள்.

"அயினிக் கட்டையாக்கும்," என்றார் வேலாயுதன், பந்தியில் உப்பு குறைந்ததைச் சொல்பவர் போல.

"ஆமா சாரே, எனக்க அப்பன் செதுக்குனது. இது ஒரு சத்தம் போட்டா பாறசாலையில பன்னி நிக்காது. ஒங்களுக்க சீமைக்காரன் இதுவரைக்கும் வாய் தெறந்திருக்கானா?"

"அழகா இருக்கவன் எதுக்குப் பேசணும்?"

"அதுசரி. அப்ப சாரு மட்டும் எதுக்கு இவ்வளவு பேசுதீங்க?"

ஸ்ரீகுமார் சிரிப்பை அடக்க வெளியே போனான்.

ஒரு லைசென்ஸுக்கு ஒரு துப்பாக்கி. ஒட்டியதை யார் கையில் கொடுப்பது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆசாரியை வரவழைத்தார்கள். அவர் தட்டிப் பார்த்து, அறுத்தால் ஒன்றுதான் பிழைக்கும், மற்றது சிராயாகிவிடும் என்றார். எது பிழைக்க வேண்டும் என்பதைத் திங்கட்கிழமைக்குள் பேசி முடிவு செய்யச் சொல்லிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

அதுவரை இருவரும் தினமும் வந்தார்கள். வேலாயுதன் ஆளிவிதை எண்ணெயும் ரத்னாபாய் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்தார்கள். தேங்காய் எண்ணெய் பட்டால் வால்நட் பிசுபிசுத்துப் போகும் என்று முதலில் சண்டை. ஆனால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியாததால், இரண்டு பேரும் இரண்டையும்தான் தேய்க்க வேண்டியிருந்தது. அப்படித் தேய்க்கும்போதுதான் வேலாயுதன் கவனித்தார்: அயினிக் கட்டையில் கன்னம் சாயும் இடம் மட்டும் குழிந்து, கருத்து, கண்ணாடி போலிருந்தது. அப்பாவும் மகளும் கன்னம் வைத்து வைத்து வந்த பளபளப்பு. அத்தனை ஞாயிறுகள் தேய்த்தும் தன்னுடையதில் அப்படியொரு இடம் வரவில்லை என்பது அவருக்கு என்னவோ போலிருந்தது.

திங்கட்கிழமை ஆசாரி ரம்பத்தை எடுத்தார். வேலாயுதன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"எனக்கதை அறுத்திரும் ஆசாரியே," என்றார் ரத்னாபாய். "அயினி எங்க தோட்டத்துல இன்னும் நிக்குது. இப்பிடி ரேகை உள்ள கட்டைக்கு சாரு எங்க போவாரு? தண்ணியில வெயில் விழுந்த மாதிரியில்லா இருக்கு."

வாழ்நாள் முழுக்க அந்த ரேகையைப் பற்றி வேலாயுதன்தான் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவரிடம் வந்து ஒருவர் சொல்வது இதுவே முதல் தடவை. அவர் திரும்பி வந்து ரம்பத்தின் மேல் கையை வைத்தார்.

"வேண்டாம். என்னுதை அறும் ஆசாரியே. நான் வெறும் எண்ணெ தேச்சவன்தான். அயினியில உங்க அப்பா முகம் வச்ச தடம் கெடக்கு."

"ஒங்களுக்கதை அறுக்கப்பிடாதுன்னா பிடாது சாரே."

"என்னுதைத்தான் அறுக்கணும்னு சொல்லுகேன்."

ஆசாரி ரம்பத்தைக் கீழே வைத்து பீடி பற்றவைத்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. "ரெண்டு லைசென்ஸும் ஒரே அட்ரஸ்னா அப்படியே கொண்டுபோகலாம். எனக்கு ஒரு குழப்பமும் இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர், பசியில்.

வேலாயுதன் வேட்டி நுனியைச் சரிசெய்தார். ரத்னாபாய் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சாருக்க வீட்டுல வெயில் வருமா?"

"கெழக்குப் பக்கம் பெரிய ஜன்னல் இருக்கு."

பெண் பார்த்த பேச்சு அவ்வளவுதான். ஆவணியில் பதிவுத் திருமணம் நடந்தது. துப்பாக்கி தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, கிழக்கு ஜன்னலருகே வேர்பிடித்தது. பன்றிகள் விஷயத்துக்குப் பாறசாலையில் கம்பிவேலி போட்டார்கள். மாலையில் ரத்னாபாய் இலைகளைத் துடைக்க, வேலாயுதன் இரும்புக்கு எண்ணெய் போட, ஒருவர் வேலையில் மற்றவர் குறை சொல்லிக்கொண்டிருப்பது தெருவுக்கே கேட்கும்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் ஓர் அதிகாரி வீட்டுக்குச் சோதனைக்கு வந்தார். மூன்று குழல்களையும் எட்டிப் பார்த்து, லோடு செய்திருக்கிறதா என்று கேட்டார்.

"இல்ல சாரே," என்றார் ரத்னாபாய். "காய் பிடிச்சிருக்கு."

அதிகாரி இலையை விலக்கிப் பார்த்தார், பிடித்துத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டு, காபி குடித்துவிட்டு, பழுத்ததும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.