கூட்டறிக்கையில் ஏறிய பேச்சு

கடற்றொழிலாளர் சங்கப் பொதுக்கூட்டத்துக்கு எம்.பி. ஜனார்த்தனன் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தார். ஐஸ் அறை கட்டித் தருவதாக அவர் சொன்னதும் மண்டபம் கைதட்டியது. செயலாளர் றோஸ்மேரி அதையும் கூட்டறிக்கைக் கொப்பியில் எழுதி முடித்துவிட்டு எழும்பினாள்.

"ஐயா, எனக்கொண்டு கேக்கவேணும்."

தலைவர் மரியநேசன் தொண்டையைச் செருமினார். வேண்டாம் பிள்ளை என்பதுதான் அந்தச் செருமல். அவள் காதில் விழுத்தவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், போர் முடிந்தபோது, வட்டுவாகலில், அவள் கூடப்போய்ப் படையினரிடம் ஒப்படைத்த கணவன் யூட்சன் இன்னும் திரும்பவில்லை. வந்த ஆணைக்குழுக்களுக்கெல்லாம் எழுதிக் களைத்து, கடைசியில் ஜெனீவாவில் ஐ.நா.வுக்காகச் சாட்சியம் சேர்ப்பவர்களுக்கு நாள், நேரம், இடம் போட்டுப் பதினொரு பக்கம் அனுப்பியிருந்தாள். இப்போது அப்படிச் சாட்சி சொல்வதையே குற்றமாக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்து, இரண்டாம் வாசிப்பும் தாண்டிவிட்டது. ஆதரித்தவர்களின் பட்டியலிலும் ஜனார்த்தனனின் பெயர் இல்லை. எதிர்த்தவர்களின் பட்டியலிலும் இல்லை.

"வாக்கெடுப்பு நேரம் நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

அவர் சிரித்தார். "பாராளுமன்றக் கன்ரீனிலை, தங்கச்சி. என்ர ஒரு வாக்காலை என்ன மாறப்போகுது? உந்தச் சர்வதேசச் சட்டம் எங்களுக்குச் சோறு போடுமே?"

றோஸ்மேரி அமர்ந்து எழுதத் தொடங்கினாள்.

"ஐயோ, அதை எழுதாதேங்கோ. சும்மா கதைச்சது."

"பொதுக்கூட்டத்திலை கதைச்சதை நான் விட ஏலாது, ஐயா. வெட்டுறதெண்டால் உறுப்பினர் ஒராள் முன்மொழியவேணும், இன்னொராள் வழிமொழியவேணும். சங்க விதி."

எம்.பி. தலைவரைப் பார்த்தார். மரியநேசன் வேறு வழியில்லாமல் எழும்பினார். "ஆரும் முன்மொழியிறியளோ?"

ஐஸ் இல்லாமல் மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள்தான் அத்தனை பேரும். ஆனாலும் ஒருவரும் முன்மொழியவில்லை. கருவாடு போடும் அன்னபாக்கியம் மட்டும் வாயைத் திறந்தாள்.

"நாங்களும் ஒருக்காக் கன்ரீனுக்குப் போட்டு வரட்டே, ஐயா? வந்து பாக்க அது தானா வெட்டுப்பட்டிருக்கும்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஜனார்த்தனன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, சரி. வாற வியாழன் கடைசி வாசிப்பு. யோசிச்சுச் செய்வன் எண்டு போடுங்கோ."

றோஸ்மேரி பேனாவை எடுக்கவில்லை. "யோசிச்சு எந்தப் பக்கம், ஐயா? உது சட்டமானால் என்ர மனுசனைத் தேடினதுக்கு என்னைப் பிடிப்பினம்."

குரலில் கோபம் இல்லை. அவர் அவளைப் பார்த்தார். பிறகு வாசற்பக்கம் பார்த்தார்.

"எதிர்ப்பன்."

"பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லையாம்."

"எதிர்த்து வாக்களிப்பன்!"

"உள்ளுக்கை இருந்தோ?"

"ஓம் பிள்ளை, உள்ளுக்கை இருந்து."

அவள் நிதானமாக எழுதி, உரத்து வாசித்தாள்: "வியாழக்கிழமை சபையில் சமூகமளித்து, மேற்படி சட்டமூலத்தை எதிர்த்து வாக்களிப்பதாகக் கௌரவ உறுப்பினர் தெரிவித்தார்." அதைப் பதிய முன்மொழியக் கேட்டபோது முதலில் உயர்ந்த கை மரியநேசனுடையது. வழிமொழிய எத்தனையோ கைகள். அன்னபாக்கியத்தின் பெயரை எழுதினாள்.

வியாழக்கிழமை இந்த மனிதர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை கூடும் சங்கம்தான். ஆனாலும் அவள் அடுத்த கூட்டத்தின் திகதியை அந்த வியாழன் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கே போட்டாள்.

"பூசை முடியக் கூட்டம், ஐயா. முதலிலை இதைத்தான் வாசிப்பம். நீங்களும் வாங்கோ."