தவளைப் படிக்கட்டு

ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் முளைத்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். எழுபத்து நாலாம் வருஷம், மழைக்காலம். எங்கள் மகள் ஜலஜா போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டாக்குரியா ஏரிக்கரையில் அவளே சேந்திக்கொண்டு வந்தவை அவை. காய்ச்சலில் கிடந்தபோதும் அவளுக்கு அந்தக் கவலைதான்.

"கால் மொளச்சா அதுக்கு ஏற எடம் வேணும்ப்பா. இல்லாட்டா மூழ்கிச் செத்துடும். நீங்க படி கட்டினாதான் நான் தூங்குவேன்."

கட்டுகிறேன் என்றார் இவர். அதற்குள் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. கடைசிவரை அவள் கண்ணை மூடவே இல்லை.

பாட்டிலைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். ஆபீஸ் விட்டு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிற மனிதர், செருப்பை மாட்டிக்கொண்டு கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்வித்து, ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பாதி தண்ணீர், பாதி நிலம். சூளையில் கருகிய செங்கல்லை உடைத்துப் பாறையாக அடுக்கினார். தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துக் குகை. டீக்கடை வாசலில் எறியப்பட்டுக் கிடந்த மண்குவளைகளின் ஓடுகளைச் சிமென்ட்டில் பதித்து, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வரும் படிகள். மேல்படியில் ஜலஜாவின் பீங்கான் பொம்மையை நிறுத்தி, அதன் பாதங்களை ஈரச் சிமென்ட்டில் அழுத்தினார். விரல் நீளப் பெண், சிவப்புப் பாவாடை. காளிகாட் கோயில் சந்தில் வாங்கியது. சிமென்ட்டின் காரம் தவளையைக் கொன்றுவிடும் என்று தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்தார். எனக்கோ பதைப்பு. அதற்குள் முன்னங்கால் வந்துவிட்டால் என்ன செய்வது? பாட்டிலில் ஒரு தக்கையை மிதக்கவிட்டு, தொட்டியின் நிலத்தில் பரப்பக் கொல்லைச் சுவரின் பாசியைக் கரண்டியால் பெயர்த்து அவரிடம் கொடுத்தேன்.

தொட்டிக்குள் விடும்வரை ஒன்றுகூட மூழ்கவில்லை.

நவராத்திரி வந்தது. துக்க வருஷம், அதனால் கொலு இல்லை. மாடியிலிருந்த அவருடைய அண்ணா மனைவி வத்சலா மன்னி, இறங்கி வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"மஹாதேவா, படியும் கட்டி பொம்மையும் வெச்சாச்சு. இது கொலு இல்லாம என்னவாம்?"

"தவளைக்கு வீடு, மன்னி."

"தவளை பொம்மை கேட்டுதாக்கும்! சுண்டலும் கேக்குமோ?"

"கொசு போறும் அதுக்கு."

சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலங்களில் மின்சாரம் போய்விடும். பூஜைப் பந்தலிலிருந்து டாக் மேளம் கேட்கும். அரிக்கேன் விளக்கைத் தொட்டியருகே வைப்பேன். வால் சுருங்கிய குட்டித் தவளைகள் படிக்கு ஒன்றாக ஏறி, எல்லாம் பொம்மையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். பொம்மையின் மைக்கண்கள் திறந்தபடி என்னைப் பார்க்கும். சில நாள் என் முந்தானையால் தொட்டியை மூடிவிடுவேன்.

விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கொலுவை முடிப்போம். எங்களிடம்தான் கொலுவே இல்லையே. யாரும் எதையும் தொடவில்லை. தெருவில் துர்க்கையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் பொம்மை மேல்படியை ஒட்டிய பாசிமேல் மல்லாந்து படுத்திருந்தது.

"நீங்களா?" என்றேன்.

"நான் தொடலை. நீயா, சுப்பு?"

இல்லையென்று தலையாட்டினேன். சிமென்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பாதங்கள் பதிந்திருந்த இரண்டு சின்னக் குழிகளில் தண்ணீர் நின்றது. நகத்தளவுத் தவளைகள், பாவம், அவற்றால் என்ன முடியும்? நிமிர்த்திவைக்கலாம் என்று தொட்டிக்குள் கையை விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். இப்பதான் தூங்கறா."

அவரும் போய் வருஷங்களாகின்றன. யார் படுக்கவைத்தது என்று அப்புறம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அன்று கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். ஒரு தவளை மேல்படிக்கு ஏறி வந்து பொம்மையின் மார்பில் உட்கார்ந்தது. அதன் தொண்டை ஏறி இறங்கியது. நான் பார்க்கப் பார்க்க, சிவப்புப் பாவாடையும் மெல்ல ஏறி இறங்க ஆரம்பித்தது.