பத்தொன்பது வருடச் சர்க்கரை

அன்றைக்குப் பனிமூட்டம் விடியும்போதே வந்து செங்கல் சூளைமேல் உட்கார்ந்துகொண்டது. பகல் ஏறியும் எழுந்து போகவில்லை. புகைபோக்கிகள் இடுப்புவரைதான் தெரிந்தன. அதற்கு மேலே அவை இருக்கின்றனவா என்று கேட்டால், அங்கே முப்பது வருடம் உழைத்தவன்கூடச் சத்தியம் செய்ய யோசிப்பான்.

வால்டர் இன்ஸ்கிப் வெந்த கல்லைச் சூளை அறையிலிருந்து இறக்குகிறவன். நெருப்பு ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே போகும். அது விட்டுப்போன அறைக்குள் இவன் நுழைவான். சூடு ஆறியிருக்காது. பழைய டயர் ட்யூபை வெட்டிக் கைகளில் மாட்டிக்கொண்டு நான்கு நான்கு கல்லாக எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்குவான். ஐம்பத்தாறு வயது. கல்யாணம் என்று ஒன்று ஆகவில்லை. மாலை வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. அவனுடைய நாளில் வெளிச்சமான இடம் ஒன்றே ஒன்றுதான்: மூன்று மணிக்கு டீக்கொட்டகையின் ஜன்னல்.

அந்த ஜன்னலுக்குள் ஐவி ஃபென்சம் நிற்பாள். கணவனை இழந்தவள். பித்தளை பாய்லரின் ஆவியில் முகம் பாதி தெரியும், பாதி தெரியாது. பத்தொன்பது வருடமாக அவன் அவளை முழுதாகப் பார்த்ததில்லை என்றுகூடச் சொல்லலாம்.

இன்று வெள்ளிக்கிழமை. ஐவிக்கு இதுதான் கடைசி நாள். திங்கட்கிழமை அந்த மூலையில் இயந்திரம் வைக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் அதுவே டீ கொடுக்கும். ஐவி கடற்கரைப் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகிறாள். நாலு மணிக்குப் பேருந்து. பெட்டி காலையிலேயே கொட்டகைக் கதவோரம் வந்துவிட்டது.

போகாதே என்று சொல்ல வேண்டும். வால்டருக்கு வேலை அவ்வளவுதான். ஒரு வாரமாக அதை நாக்கடியில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

"யோவ், அந்தக் கல்லு என்ன பாவம் பண்ணுச்சு? இப்படி முறைக்கிற?" என்றான் டொனாட்டோ. இத்தாலியிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவன். இருவரும் ஒரே வண்டி; வால்டரின் மனசு அவனுக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"உங்க ஊர்ல சாகக் கிடக்கிறவனும் அதைத்தான்யா சொல்லுவான். மழைக்கும் நல்லாருக்கு, கஞ்சிக்கும் நல்லாருக்கு, கழுத்தறுக்கிறவனுக்கும் நன்றி. நான் வந்த புதுசுல தபாலாபீஸ் அம்மா 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்'னு சொல்லுச்சு. ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி, நாலு புள்ளைங்களோட போய் நின்னேன். அது முகத்த நீ பாத்திருக்கணும்! அடடா சந்தோஷம், அடடா சந்தோஷம்னு சொல்லிக்கிட்டே கேக் வெட்டுது, கத்தி நடுங்குது."

வால்டர் சிரித்தான். அந்த அம்மாளின் பயம் அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

அவனுடைய சங்கடமும் அப்படி ஒரு சொல்லில்தான் ஆரம்பித்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். இதே மாதிரி பனிமூட்டம். ஐவி கேட்காமலே டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டாள். வால்டருக்குச் சின்ன வயதிலிருந்து இனிப்பு ஆகாது. "சரியா இருக்கா?" என்று அவள் கேட்டாள். முன்பின் தெரியாத பெண், மூக்கு நுனி குளிரில் சிவந்திருக்கிறது. சரியில்லை என்று எவன் சொல்லுவான்? "பிரமாதம்" என்றான். மறுநாளும் இரண்டு கரண்டி விழுந்தது. இப்போது சொன்னால் நேற்றுச் சொன்னது பொய்யாகும். ஒரு மாதம் போனபின் சொன்னால் ஒரு மாதமும் பொய்யாகும். இப்படியே பத்தொன்பது வருடம் குடித்தான். ஒவ்வொரு நாளும் பிரமாதம் என்றான். அவள் அவனுக்கு மட்டும் கரண்டியைக் கோபுரமாக அள்ளிப் போட ஆரம்பித்ததும் அதனால்தான்.

மூன்று மணிக்கு வரிசை நின்றது. யாரும் யாரையும் இடிக்கவில்லை, முந்தவில்லை. பனிக்குள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு நகர்ந்து, தொப்பியைத் தொட்டு, அதையே சொன்னார்கள்.

"நீங்க இல்லாம நாங்க என்ன பண்ணப் போறோமோ, மிசஸ் ஃபென்சம்."

"போகாம இருந்துடுங்களேன்."

"இந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா எட்டிப் பாக்கணும்."

"ரொம்ப அன்பு உங்களுக்கு" என்றாள் ஐவி, ஒவ்வொருவருக்கும். "கண்டிப்பா வரேன்."

வர மாட்டாள். அது அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பொய் என்று அதைச் சொல்ல முடியாது. வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்று கையில் வைக்கிற பூ.

வால்டரின் முறை வந்தது. கோப்பையை வாங்கினான். ஒரு மடக்குக் குடித்தான்.

"பிரமாதம்" என்றான்.

"நீங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவீங்க, மிஸ்டர் இன்ஸ்கிப்."

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "மிசஸ் ஃபென்சம், நீங்க போகாம இருந்தா நல்லாருக்கும்."

சொல்லியேவிட்டான். ஒரு வாரமாகச் சுமந்ததை இறக்கிவிட்டான். 

ஐவி ஆவிக்குள்ளிருந்து சிரித்தாள். "ரொம்ப அன்பு உங்களுக்கு" என்றாள். பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவனுக்குக் கோப்பையை நீட்டினாள்.

எப்படித் திரும்பி நடந்தான் என்று வால்டருக்கு நினைவில்லை. கல் அடுக்குகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தான். ஆள் உயரத்துக்கு இருபுறமும் அடுக்கு, ஆளில்லாத ஊரின் தெருக்கள் மாதிரி. ஒரு தெரு முடிந்தால் இன்னொரு தெரு பனிக்குள்ளிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து அவன் சொன்ன பிரமாதங்கள் எல்லாம் அங்கே வரிசை வரிசையாக அடுக்கியிருப்பதுபோல இருந்தது. எல்லாம் வேகாத பச்சைக்கல். நெருப்பு பார்க்காத கல்லும் வெந்த கல்லும் ஒரே அச்சில் வந்தவைதான். எட்ட நின்று பார்த்தால் பனியில் நிறமும் தெரியாது. தட்டிப் பார்த்தால்தான் தெரியும். வெந்தது கணீர் என்னும். பச்சைக்கல் பொத்தென்று சும்மா கிடக்கும், ஒரு மழைக்குத் திரும்பவும் சேறாகப் போகும்.

தான் இன்றைக்குச் சொன்னது வெந்த கல். அதைக் கொண்டுபோய் அத்தனை பச்சைக்கல்லுக்கு நடுவில் வைத்தால், அவள் எதை என்று எடுப்பாள்?

"சொன்னியா?" என்று எங்கிருந்தோ டொனாட்டோவின் குரல் கேட்டது. ஆளைக் காணோம்.

"சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"ரொம்ப அன்பு உங்களுக்குன்னு."

"அட என் தலையெழுத்தே!" என்றது பனி. கொஞ்ச நேரம் வண்டிச் சக்கரம் கிரீச்சிட்டது. "எங்க ஊர்ல ஒருத்தன நம்பணும்னா, அவன் ஒரு தடவையாவது நம்மளத் திட்டியிருக்கணும்யா. நீ இந்தப் பத்தொன்பது வருஷத்துல அந்த அம்மாகிட்ட வாயத் திறந்து ஒரு குறை சொல்லியிருக்கியா?"

வால்டர் நின்றான். கையில் இன்னும் கோப்பை இருந்தது. அடியில் சர்க்கரை பாகாகப் படிந்து கிடந்தது. கொட்டகை இருக்கும் திசை தெரியவில்லை; கால்களுக்குத் தெரிந்திருந்தது. நடந்தான்.

அவன் போனபோது ஜன்னல் பாதி மூடியிருந்தது. ஐவி கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். பாய்லர் அணைந்து, ஆவி அடங்கியிருந்தது. முதல் முறையாக அவள் முகம் முழுதாகத் தெரிந்தது. இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. அது அங்கே இருப்பது இத்தனை வருடமாக அவனுக்குத் தெரியாது.

"கோப்பையக் குடுக்க வந்தீங்களா? அடடா, எதுக்குச் சிரமம்."

"மன்னிக்கணும்" என்றான் வால்டர். "எனக்குச் சர்க்கரை பிடிக்காது."

பொத்தானில் இருந்த விரல் நின்றது.

"இன்னைக்கா?"

"என்னைக்குமே."

கொட்டகையின் தகரக்கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு விழ ரொம்ப நேரம் எடுத்தது.

"நாலாயிரம் கோப்பையாவது போட்டிருப்பேனே" என்றாள் ஐவி மெதுவாக. முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்குப் பிடிக்கும்னு என் பங்கு ரேஷன் சர்க்கரையெல்லாம் போட்டேன். அப்ப ஊருக்கே சர்க்கரை கிடையாது. நான் வெறும் டீ குடிச்சேன், மிஸ்டர் இன்ஸ்கிப்!"

இது அவனுக்குத் தெரியாது. 

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல மனசு வரல."

அவள் திரும்பினாள். கெண்டியின் அடியில் மிச்சமிருந்த டீயைச் சுத்தமான கோப்பையில் ஊற்றினாள். சர்க்கரை டப்பாவைக் கை தொடப் போய், வெடுக்கென்று பின்வாங்கியது. கோப்பையை ஜன்னல் பலகையில் சத்தம் வர வைத்தாள். அவள் கையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அந்தக் கொட்டகையில் அதுவரை கேட்டதில்லை.

"குடிங்க."

வால்டர் குடித்தான். நாக்கு சுருண்டுகொண்டது. சேற்றுத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்ட மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?"

வாய் தானாகப் பிரமாதம் என்று திறந்தது. அதை வால்டர் பல்லைக் கடித்து நிறுத்தினான்.

"சகிக்கல" என்றான். "வாயில வைக்க முடியல. எனக்கு… சர்க்கரை பழகிப்போச்சு போலருக்கு."

ஐவி அவனையே பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. கோபமோ அழுகையோ என்று அவன் பயந்தபோது, சிரிப்பு வெளியே வந்தது. பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவன் சொன்னான். "போகாதீங்க."

மூன்று மணிக்குச் சொன்னதைத்தான் திரும்பச் சொன்னான். இந்தத் தடவை அவள் ரொம்ப அன்பு உங்களுக்கு என்று சொல்லவில்லை. கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பனிக்குள் பேருந்தின் விளக்குகள் இரண்டு மஞ்சள் பூசணியாக வந்து நின்றன. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கா வீட்டு அறை ஒரே ஈரம்" என்றாள் ஐவி, துணியைப் பார்த்து. "ஜன்னலைத் திறந்தா மீன் நாத்தம். வாயேன், தாராளமா இடம் இருக்குன்னா. ஒரு பேச்சுக்குச் சொன்னா. நானும் ஒரு பேச்சுக்கு, ரொம்ப சந்தோஷம்னு எழுதிட்டேன். அவ பாவம், உடனே திரைச்சீலை தைச்சுட்டா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? சொல்ல மனசு வரல."

ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. அந்த ஊர் ஓட்டுநர் அடிக்க மாட்டான். தொண்டையைக் கனைத்தான்.

ஐவி கதவைத் திறந்துகொண்டு போனாள். பெட்டியைத் தாண்டித்தான் போனாள், எடுக்கவில்லை. வால்டர் ஜன்னலிலேயே நின்று காதைக் கொடுத்தான்.

"மன்னிக்கணும், உங்கள நிக்க வச்சிட்டேன். நான் இன்னைக்கு வரல."

"அதனால என்னம்மா, பரவாயில்ல."

"ரொம்ப நன்றி."

"நன்றிம்மா. பனி ஜாஸ்தி, பாத்துப் போங்க."

மஞ்சள் விளக்குகள் கரைந்தன. கொஞ்ச நேரம் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் காலடிச் சத்தமும், பிறகு கோட்டும், பிறகு தழும்புள்ள புருவமும் வந்தன.

"வாடகை வீட்டுச் சாவியத் திங்கக்கிழமைக்குள்ள தபால்ல அனுப்பினாப் போதும்னாங்க. இன்னும் பையிலதான் இருக்கு" என்றாள். "அக்காவுக்கு எழுதணும். திரைச்சீலைக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

"ஈரம்னே எழுதிடுங்களேன்."

"செத்தே போயிடுவா" என்றாள் ஐவி. கொஞ்சம் யோசித்தாள். "எழுதிடறேன்."

உள்ளே போய்ப் பாய்லரை மறுபடி பற்றவைத்தாள். தண்ணீர் முனக ஆரம்பித்தது. சர்க்கரை டப்பாவைத் திறந்து, கரண்டியைக் கையில் எடுத்து, பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகக் கேட்டாள்.

"எத்தனை கரண்டி?"

அப்படி ஒரு கேள்வியை வால்டர் எதிர்பார்க்கவில்லை. அவன் சுவையை யாரும் கேட்டுப் பழக்கமில்லை. நேரம் எடுத்து நன்றாக யோசித்தான்.

"ஒண்ணரை" என்றான்.