கொண்டி இல்லாத கால்

இஞ்ஞாசிமுத்துவும் இருளப்பனும் பேச்சை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் ஒரே பிக்கப்பின் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். காரணம் காட்டுப்பன்றி. செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளை அது குருத்தோடு பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. பர்மிட்டும் துப்பாக்கியும் பீடோங்கிலிருந்து வரும் சீன முதலாளி தௌகேயிடம். நாய்கள் இருளப்பனுடையவை. கத்தி இஞ்ஞாசிமுத்துவுடையது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேட்டை இல்லை.

ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் இருளப்பன் நாயிடம் சொல்லுவான். வாலில்லாத கறுப்பு நாய் அது. பெயர் மொட்டையன்.

"மொட்டையா, தள்ளி உக்காருடா. கறிக்கள்ளன் பக்கத்துல உக்காந்தா உன் தொடையையும் உருவிடுவான்."

கூட இருக்கும் பிச்சையும் யோகேந்திரனும் சிரிப்பார்கள். இஞ்ஞாசிமுத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவான். பதில் சொல்ல வாய் வரும். ஆனால் இருளப்பன் கட்டியிருப்பது அவனுடைய கூடப்பிறந்த தங்கச்சி பிரிஜெட்டை. அதைவிட முக்கியமாக, இருளப்பன் சொல்வது பொய் இல்லை.

விஷயம் இதுதான். பன்றி விழுந்தால் பின்னங்கால் இரண்டும் சுட்டவருக்கு. முன்னங்கால் இரண்டும் நாய்க்காரனுக்கு. விலா வெட்டுகிறவனுக்கு. மிச்சம் எல்லாருக்கும் சமமாகக் கூறு. இதில் முன்னங்கால்தான் வெட்டுகிறவனுக்கு வாகான இடம். பின்னங்காலைக் கழற்றுவதென்றால் இடுப்புக் குழிக்குள் உருண்டை எலும்பு மாட்டியிருக்கும், கத்திமுனையை விட்டு நெம்பவேண்டும். முன்னங்காலுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்குளில் கத்தியை ஓட்டினால், ஓர் எலும்பிலும் தட்டாமல் தோள்பட்டைத் தகட்டோடு கழன்று கைக்கு வந்துவிடும். உடம்புக்கும் அந்தக் காலுக்கும் எலும்புச் சம்பந்தமே இல்லை. மார்பிலிருந்து பட்டை பட்டையாகக் கறி, முதுகிலிருந்தும் கழுத்திலிருந்தும் மெல்லிய பட்டைகள், அப்புறம் தகட்டின் உள்பக்கத்திலிருந்து கிளம்பி விசிறிபோல விரிந்து விலாவெலும்புகளில் போய் ஒட்டும் ஒரு தடித்த கறி. மேலே பளபளவென்று வெள்ளைச் சவ்வு. முன்னுடம்பின் கனத்தையெல்லாம் அந்த விசிறிதான், தூளி கட்டினதுபோல, இரண்டு காலுக்கும் நடுவில் தொங்கவிட்டுத் தாங்குகிறது.

கத்தி விசிறிக்கு அந்தப் பக்கம், விலாவை ஒட்டிப் போனால் கறி காலோடு வரும். இந்தப் பக்கம், தகட்டை ஒட்டிப் போனால் விலாவோடு நிற்கும். விலா இஞ்ஞாசிமுத்துவுடையது.

பகலெல்லாம் நீளக் கம்பத்தைத் தூக்கிச் செம்பனைக் குலை வெட்டி, கழுத்து நரம்பு விறைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவன் அவன். நல்ல கறி நாலு வாய் கூடக் கிடைத்தால் என்ன என்று ஒருநாள் கத்தியை இந்தப் பக்கம் விட்டான். அப்புறம் கத்தி தானாகவே அந்தப் பக்கம் போகவில்லை.

இருளப்பன் கண்டுபிடித்துவிட்டான். கூறு போட்ட இடத்திலேயே காலைத் தூக்கிக் காட்டினான். "என்னா மச்சான் இது, தகடு மாரி இருக்கு? எங்கப்பன் காலத்துல முன்னங்காலுன்னா ரெண்டு கையால தூக்கணும்."

"மூட்டு எங்க விடுதோ அங்கதான் கத்தி போவும்," என்றான் இஞ்ஞாசிமுத்து. "உள்ள விலாவுல ஒரு கொண்டி மாரி எலும்பு இருக்கு. தோள்பட்டை அதுல மாட்டிக்கிட்டிருக்கும். அத கழட்டுனா இம்புட்டுதான் வரும். நம்பலன்னா நீயே வெட்டிக்க."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்லா."

பிரிஜெட்டும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் மாதாமேல் ஆணையிட்ட பிறகு அவள் புருஷனைத்தான் திட்டினாள். அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

அப்படியே மூன்று வருஷம் ஓடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்றி விழவில்லை. விழுந்தது மொட்டையன்தான்.

மேட்டுப் பாத்தியிலிருந்து பன்றியைத் துரத்திக்கொண்டு வந்த வேகத்தில், ஆள் உயரத்துக்குக் கீழே காய்ந்துகிடந்த பாரிட்டு வாய்க்காலுக்குள் குதித்துவிட்டது. பன்றி வாய்க்காலோடு ஓடித் தப்பிவிட்டது. மொட்டையன் மூன்று காலில் ஏறி வந்தது. ரத்தம் இல்லை. பன்றியின் கோரைப்பல் குத்தும் இல்லை. காலைத் தடவினால் எலும்பும் முறியவில்லை. ஆனால் இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றினால் தோள்பட்டைத் தகடு முதுகெலும்புக்கும் மேலே, தோலைத் தள்ளிக்கொண்டு கூரைமுகடு மாதிரி எழும்பி நின்றது. காலைத் தூக்கினால் இறங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை.

"தோள் கழண்டுருச்சு," என்றான் இருளப்பன். "வீட்டுக்குக் கொண்டுபோயி மாட்டிருவோம்."

தௌகே துப்பாக்கியைத் துணியில் சுற்றியபடி சொன்னார். "நொண்டி நாயி வச்சிக்கிட்டு என்ன செய்ற? நான் அஞ்சு மணிவரைக்கும் இருக்கேன். சரியா வரல, சொல்லு."

நொண்டி நாயைப் பன்றி கிழித்துப்போடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிக்கப் இருளப்பன் வீட்டு வாசலில் நின்றதும் இஞ்ஞாசிமுத்து இறங்கி, ஆறு வீடு தள்ளியிருக்கும் தன் லயத்து வீட்டுக்குப் போய்விட்டான். உடைந்த அரிவாள் துண்டை உரசிச் செய்தது அவன் கத்தி. அன்றைக்குக் கறியே வெட்டவில்லை. ஆனாலும் குழாயடியில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

நாய்தானே, போகட்டும் என்று நினைத்தான். விசிறி கிழிந்திருக்கிறது, அவனுக்குப் பார்த்தவுடனே தெரியும். கால் மேலே போகவில்லை, தூளி அறுந்து உடம்பு கீழே இறங்கியிருக்கிறது. மாட்டுகிறேன் என்று இழுத்தால் மிச்சமிருக்கிற சவ்வும் போகும். அப்புறம் தௌகேயின் துப்பாக்கி இருக்கிறது. வேட்டை முடிந்தால் முதல் துண்டு ஈரலை மொட்டையனுக்குப் போடுவது இஞ்ஞாசிமுத்துதான். எசமான் அவனைக் கறிக்கள்ளன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தும், அது ஒருநாள்கூட அவனைப் பார்த்து உறுமியதில்லை.

"அண்ணே."

மூன்று வருஷம் கழித்து பிரிஜெட் அவன் வாசலில் நின்றாள். ஓடிவந்த மூச்சு இறைத்தது.

"ரெண்டு வாட்டி இழுத்துட்டாரு. கத்துது. கொண்டி சிக்கலங்கிறாரு. அவருக்குத் தெரியாம வந்தேன். அந்தக் கொண்டி எங்கருக்குன்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயேன்."

அவன் கத்தியைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

இருளப்பன் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து நாயைப் படுக்கவைத்திருந்தார்கள். யோகேந்திரன் இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்தான். பிச்சை வாயைத் துணியால் கட்டிப் பிடித்திருந்தான். இருளப்பன் காலை இரண்டு கையாலும் பற்றி, ஒரு பாதத்தை நாயின் விலாவில் ஊன்றிக்கொண்டு, மூன்றாவது தடவை இழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இழுக்காத," என்றான் இஞ்ஞாசிமுத்து.

இருளப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "மொட்டையா, உன் கூறு கேக்க ஆளு வந்துருச்சுடா. இன்னும் உசிரு போவலன்னு சொல்லு."

"அங்க கொண்டி இல்ல. இழுக்காத."

"என்னா?"

"கொண்டி இல்லங்கிறேன்."

"அன்னிக்கு இருந்துச்சே?"

"அன்னிக்கும் இல்ல."

இருளப்பன் காலை விடவில்லை. ஆனால் இழுக்கவும் இல்லை.

"நாயி சாகட்டும்னு சொல்ல வந்தியா?"

"ராணியக் கூப்பிடு," என்றான் இஞ்ஞாசிமுத்து. ராணி இருளப்பனின் இன்னொரு நாய். அது தானாகவே வந்து முகர்ந்துகொண்டிருந்தது. "அது தோள்மேல கைய வையி. மேல இல்ல, தகட்டுக்குப் பின்னால. வெரல உள்ள விட்டுப் பாரு. கால முன்ன பின்ன ஆட்டு."

இருளப்பன் அவனை முறைத்துக்கொண்டே கையை வைத்தான். ராணியின் தோலுக்கடியில் தகடு வழுக்கிக்கொண்டு போனது, வந்தது. எதிலும் இடிக்கவில்லை. எதிலும் மாட்டவில்லை. விரல் நுனி தகட்டின் ஓரத்துக்கு அடியில் மெத்தென்று புகுந்தது. அவன் அடுத்த பக்கமும் தொட்டுப் பார்த்தான். மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தான்.

"எலும்பக் காணோம்," என்றான், யாருக்கும் இல்லாமல். அப்புறம் தலையைத் தூக்கினான். "எலும்பு இல்லன்னா எது புடிச்சிக்கிட்டிருக்கு?"

"கறிதான்."

"எந்தக் கறி?"

இஞ்ஞாசிமுத்து தரையைப் பார்த்தான். பிச்சையின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

"எந்தக் கறின்னு கேட்டேன், மச்சான்."

"தகட்டுக்கும் விலாவுக்கும் நடுவுல விசிறி மாரி ஒரு கறி இருக்கு. அதுதான் இதுக்குக் கிழிஞ்சிருக்கு. நான்... நான் மூணு வருசமா வெலாவோட விட்டது அந்தக் கறிதான்."

இருளப்பன் எழுந்தான். அடிக்கத்தான் எழுந்தான். யோகேந்திரன், "அண்ணே, அண்ணே" என்று கையைப் பிடித்தான். இருளப்பன் அவனை உதறிவிட்டு இஞ்ஞாசிமுத்துவின் காலடியில் காறித் துப்பினான்.

"நீ சொன்ன கொண்டிய நம்பித்தான்டா என் நாயி கால ரெண்டு வாட்டி இழுத்தேன். கதறிக் கதறி அழுதுச்சு அது. கறி போனா மயிராச்சு. வாய்லயும் பொய் சொல்லிட்ட, என் கையையும் பொய் சொல்ல வச்சிட்ட."

பிரிஜெட் கத்தவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாதா மேலயா சத்தியம் பண்ணுனண்ணே?"

இஞ்ஞாசிமுத்து நாயின் பக்கம் திரும்பினான். "கட்டு போட்டா ஒட்டிக்கலாம்," என்றான்.

"பேசாத. எப்பிடிக் கட்டணும், அத மட்டும் சொல்லிட்டுக் கெளம்பு."

அவன் சொன்னான். கையால் தொட இருளப்பன் விடவில்லை. முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்கி, காலை மார்போடு சேர்த்து, பிரிஜெட்டின் பழைய கைலியைக் கிழித்து உடம்பைச் சுற்றி, மறுதோளுக்கு மேலே கொண்டுபோய் முடிச்சு. மூச்சு முட்டக்கூடாது. பாதம் தரையில் படவே கூடாது. கனம் விழுந்தால் தகடு ஏறும், கனம் விழாவிட்டால் சவ்வு பிடிக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் இருளப்பன், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டான். கட்டி முடித்ததும் தௌகேயிடம் போய், "நீங்க போங்க தௌகே, சுட வேணாம்" என்றான்.

மறுநாள் நாயைப் பாக்கார் ஆராங்கில் இருக்கும் மிருக டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். தோளில் எலும்பு இணைப்பே கிடையாது, தசைதான் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் மடக்கிய கால் மடக்கியபடியே இருக்கட்டும், பிடிக்காவிட்டால் தகட்டைக் கம்பிபோட்டு விலாவோடு கட்டவேண்டும் என்று அந்த அம்மாவும் சொன்னாராம். பிச்சைதான் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, "அப்ப நீ சொன்னது சரிதான்லா, கறிக்கள்ளா" என்றான். அது வரைக்கும் பிச்சை அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பன்றி விழுந்தது. ராணி மறித்தது. இஞ்ஞாசிமுத்து வழக்கம்போலக் கத்தியை எடுத்தான். இருளப்பன் கையை நீட்டினான். கத்தியைக் கேட்கிற கை அது. கொடுத்தான்.

இருளப்பனுக்கு வெட்டத் தெரியாது. அக்குளில் கத்தியை விட்டு, தேடித் தேடி, விசிறிக்கு அந்தப் பக்கமாக, விலாவெலும்பு வெள்ளையாகத் தெரியும் வரைக்கும் சுரண்டி எடுத்தான். இரண்டு கையாலும் காலைத் தூக்கினான். வெள்ளைச் சவ்வோடு கறி கனத்துத் தொங்கியது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவ்வளவு கறியா என்று யாரோ முனகினார்கள்.

விலா வெட்டினவனுக்கு. அதையும் இருளப்பனே எடுத்துக்கொண்டான். மிச்சத்தைச் செம்பனை மட்டைமேல் கூறு வைத்தார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு பேர் சொல்வது அன்றைக்கு இருளப்பன். யோகேந்திரன் ஒவ்வொரு கூறாகத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்டான்.

"தௌகேக்கு." "பிச்சைக்கு." "உனக்கு." "எனக்கு."

கடைசியாக ஒன்று இருந்தது. கழுத்தெலும்பும் தோலும்.

"இது யாருக்குண்ணே?"

"அது சத்தியம் பண்ணவனுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. இஞ்ஞாசிமுத்து குனிந்து பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்று விட்டுப்போனால் அடுத்த ஞாயிறு பிக்கப்பில் இடம் இருக்காது.

போகும் வழியில் பிக்கப்பைக் கடந்தான். வேடிக்கை பார்க்க மட்டும் கூட்டிவந்திருந்த மொட்டையன் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. கட்டு அவிழ்த்தாகிவிட்டது. இடது பக்கம் டாக்டரம்மா ரோமம் வழித்த இடத்தில் புதிதாகக் கறுகறுவென்று முளைத்திருந்தது. அவன் காலடிச் சத்தம் கேட்டு அது எழுந்தது. எழும்போது இடது காலை மெதுவாக ஊன்றியது. அவன் தகட்டைத்தான் பார்த்தான். கொஞ்சம் எழும்பியது. ஒரு விரல் அளவு. முதுகுக்கு மேலே போகவில்லை. அங்கேயே நின்றுவிட்டது.

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினான்.

"மொட்டையா!" பின்னாலிருந்து இருளப்பன் அதட்டினான். "வாங்காத."

நாய் ஒருமுறை எசமானைப் பார்த்தது. அப்புறம் அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டது.