பதினைந்தாவது கேள்வி

அந்த வட்டாரத்தில் அவளுக்கு ஃபாரம் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. வீடு வீடாகப் போய் அரசாங்கத்துக்குக் கணக்கெடுக்கிற வேலை. வீட்டில் எத்தனை பேர், எதுவரை படித்தார்கள், யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, முழங்காலில் அட்டையை வைத்து ஃபாரத்தில் எழுதிக்கொண்டு வருவாள். பன்னிரண்டு வருஷமாக இதே பிழைப்பு. கணக்கெடுப்பு வந்தால் கூப்பிடுவார்கள், முடிந்தால் போகச் சொல்வார்கள். வேலை நிரந்தரமில்லை. முழங்கால் வலி மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் வெயிலில் வெந்து வீட்டுக்கு வந்தபோது, நாத்தனார் சட்டை மூட்டையின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையிலிருந்து பட்டன் இல்லாமல் சட்டைகள் மூட்டை மூட்டையாக வரும். வீட்டில் பட்டன் தைத்து அனுப்ப வேண்டும். அந்தப் பெண் பேசும்போதும் தைப்பாள், சண்டை போடும்போதும் தைப்பாள். அவள் கை சும்மா இருந்ததைப் பார்த்ததுமே ஃபாரம் அக்கா பையை அப்படியே கீழே வைத்துவிட்டு என்ன என்று கேட்டாள்.

"மையத்தை மூடப் போறாங்களாம் அண்ணி. இந்த மாசத்தோட சரியாம்."

மையம் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வார்டு அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு கரும்பலகை, ஓடினால் சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. வாசலில் மட்டும் 'உழைக்கும் மகளிர் படிப்பு மையம்' என்று நீளமாக ஒரு பலகை. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்கள் இருபத்தாறு பேர் மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே வருவார்கள், நாலு மணிக்குக் கலைவார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் ஒரு நாளில் அவர்களுக்குச் சொந்தம்.

நாத்தனார் ஒன்பதாவதோடு நின்றவள். மையத்தில் படித்துப் பத்தாவது தேறினாள். பன்னிரண்டாவதில் கணக்கு மட்டும் போன வருஷம் காலை வாரிவிட்டது. நர்ஸ் பயிற்சிக்கு இருபத்தைந்து வயசு வரைதான் எடுப்பார்கள், அவளுக்கு இருபத்துநாலு முடியப் போகிறது. தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு மையம் வழியாகத்தான் விண்ணப்பம் போட முடியும். அடுத்த மையம் மூன்று பஸ் மாறிப் போகிற தூரம். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

"எதுக்காம்?"

"இங்க வேலைக்குப் போற பொம்பளைங்களே இல்லையாம். நூத்துக்கு இருபது பேராவது வேலை பாக்கிற இடத்துலதான் மையம் வைப்பாங்களாம். புதுக் கொள்கையாம். டீச்சர் காலையிலேயே எல்லாரையும் வரவழைச்சு உத்தரவைப் படிச்சுக் காட்டிட்டு அழுதுட்டாங்க."

ஃபாரம் அக்கா சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, வந்த வெயிலிலேயே திரும்பிக் கிளம்பினாள்.

கணக்கெடுப்பு அலுவலகத்தில் மேற்பார்வையாளர் சாப்பிட்ட களைப்பில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருப்பவர்களிடம் வாங்கியதைக் கீழே இருப்பவர்களிடம் இறக்கிவைக்கிறவர், அவ்வளவுதான். ரிஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார்.

"உங்க வட்டாரத்துல பொம்பளைங்க நூத்தி அறுபது பேர். வேலை பாக்கிறவங்க பதினொண்ணு. முப்பத்திரண்டு இருந்தாத்தான் மையம். பதினொண்ணை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

"யார் சார் எடுத்த கணக்கு?"

கேட்டிருக்கவே வேண்டாம். அவர் ஃபாரக் கட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஏறக்குறைய ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் கையெழுத்து, அவசரத்தில் போட்டது, கடைசி எழுத்துக்கு வால் இல்லாமல்.

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். பதினாலாவது கேள்வி, "போன வாரம் சம்பளத்துக்கு ஏதாவது வேலை பார்த்தீர்களா?" எந்தப் பெண்ணைக் கேட்டாலும் "இல்லீங்க, சும்மாதான் இருக்கேன்" என்பாள். அப்படிச் சொல்லும்போது அவள் மடியில் ஹோட்டலுக்கு உரித்துக் கொடுக்கிற பூண்டு ஒரு கூடை இருக்கும், இல்லையென்றால் செருப்புக்கு வார் ஒட்டிக்கொண்டிருப்பாள். அதற்காகத்தான் பதினைந்திலிருந்து இருபத்திரண்டு வரை கேள்விகளை வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தபடி கூலிக்கு ஏதாவது செய்கிறீர்களா, குடும்பக் கடையில் நிற்கிறீர்களா என்று தோண்டித் துருவிக் கேட்க வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு முடிக்காவிட்டால் அன்றைய கூலி பாதி. ஆகவே பதினாலில் 'இல்லை' என்று வந்ததும் பேனா நேராகக் கடைசி வரிக்குப் போய் 'வீட்டு வேலை' என்று எழுதிவிடும். இதற்குத் 'தாண்டுவது' என்று பெயர். தாண்டாத கணக்கெடுப்பாளர் யாரும் கிடையாது. கேள்வியை எழுதியவர்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதினார்கள், கேட்கிறவள் வெயிலில் நின்று கேட்கிறாள். யாரைக் குறை சொல்வது?

ஆனால் நூற்று நாற்பத்தொன்பது பெண்கள் காணாமல் போன கதையில் குற்றவாளி கையெழுத்துப் போட்டிருந்தாள். அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

கட்டைப் புரட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். அவளுடைய சொந்த வீடு. தன் வீட்டைத் தானே எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் அவளும் இன்னொரு கணக்கெடுப்புக்காரியான மின்னலும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி வீட்டை இன்னொருத்தி எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலு ஃபாரத்தை நாலு நிமிஷத்தில் முடிப்பதால் அந்தத் தோழிக்கு மின்னல் என்று பட்டம். அவள் எழுதியிருந்தது இரண்டே வரி. நாத்தனார்: வீட்டு வேலை. அண்ணி: வீட்டு வேலை.

ஃபாரம் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கணக்கெடுத்துக்கொண்டிருந்த அதே நாளில், கூடவே கணக்கெடுத்த ஒருத்தி, அவளை வேலையில்லாதவள் என்று எழுதிவிட்டாள்! மின்னல் வீட்டு ஃபாரத்தைத் தேடி எடுத்தாள். அதில் இருந்தது ஃபாரம் அக்காவின் சொந்த எழுத்து. 'வீட்டு வேலை' என்றுதான் அங்கேயும். சிரிப்பு அதோடு நின்றுபோனது.

சாயங்காலம் டீக்கடையில் மின்னலிடம் சொன்னபோது அவள் பொரிந்து தள்ளினாள்.

"நான் தாண்டினேன், சரி. நீ மட்டும் என்ன கிழிச்சே?"

"நானும்தான் தாண்டினேன். அதான் எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். எடுத்தவளே தப்புன்னு எழுதிக் கொடுத்தா மறு கணக்கெடுப்பு போட்டே ஆகணும். அது முடியற வரைக்கும் மூடவும் முடியாது."

"உனக்கென்ன பைத்தியமா? உன் பேரை அடிச்சிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டாங்க. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறியே!"

"உன் பேரை எழுத மாட்டேன். பயப்படாதே."

"எனக்கு என்னைப் பத்திப் பயமில்ல போ" என்றாள் மின்னல். ஆனால் அவள் முகம் கொஞ்சம் தெளிந்ததை ஃபாரம் அக்கா பார்த்தாள். பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை, அயர்ச்சியாக இருந்தது. மின்னலுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

வீட்டில் நாத்தனார் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சட்டையை எடுத்திருந்தாள். ஊசி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

"அரசாங்கத்துல இருக்கிறவனுங்க நல்லா இருப்பானுங்களா அண்ணி? இந்தத் தெருவுல ஒருத்தியாவது சும்மா இருக்காளா? கண்ணு தெரியாதா அவனுங்களுக்கு?"

ஃபாரம் அக்கா செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"மூடினது அவங்க இல்லடி. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். தாண்டியதைச் சொன்னாள், பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதையும் விடவில்லை. நாத்தனார் ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினாள். பிறகு, "என் கண்ணு முன்னாலயே தினமும் மூட்டையைத் தாண்டித்தானே அண்ணி வீட்டுக்குள்ள வர்றீங்க" என்றாள். மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஃபாரம் அக்காவுக்கு.

மறுநாள் காலையில் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை படித்தார்.

"எல்லாரும் தாண்டறாங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கத்தான் எனக்குச் சம்பளம். இப்ப எழுத்துல கொடுத்துட்டே. மறு கணக்கெடுப்பு போடறேன். உன் பேரையும் அடிக்கணும்."

"அடிங்க சார்."

"வேற என்ன தெரியும் உனக்கு?"

பன்னிரண்டு வருஷமாக ஊரையெல்லாம் அவள் கேட்ட கேள்விதான்.

அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். லாரி ஓட்டப் போயிருந்த கணவன் போனில் கத்து கத்தென்று கத்தினான். அவன் கத்துவதிலும் நியாயம் இருந்தது. சாயங்காலமே அவள் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். அந்தப் பெண் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இவள் தைத்த முதல் சட்டையைப் பார்த்து, "நாலு ஓட்டையிலயும் ரெண்டு தடவை போகணும் அண்ணி, இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று பிரித்துக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் மறு கணக்கெடுப்புக்காரி வந்தாள். சின்னப் பெண், புதுப் பை, உதட்டுக்கு மேல் வேர்வை. காலையிலிருந்து தெருவில் ஏறி இறங்குகிறாள் என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. வாசற்படியில் சாய்ந்து அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டாள். பெயர், வயசு, படிப்பு எல்லாம் கேட்டு எழுதியானது.

"போன வாரம் சம்பளத்துக்கு ஏதாவது வேலை பாத்தீங்களாக்கா?"

"இல்லம்மா. அந்த வேலை போயிடுச்சு. வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

சொன்ன பிறகுதான் ஃபாரம் அக்காவின் காதில் அது விழுந்தது. கையில் ஊசி இருந்தது, மடியில் சட்டை இருந்தது. வாய் மட்டும் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. நாத்தனார் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கணக்கெடுக்க வந்த பெண்ணின் பேனா பக்கத்தின் நடுவிலிருந்து அடிவரிக்கு வழுக்கிக்கொண்டு போனது. அந்த வழுக்கல் ஃபாரம் அக்காவுக்குத் தன் மணிக்கட்டைப் போலத் தெரியும்.

அட்டையை எட்டிப் பிடித்தாள்.

"தாண்டாதே. பதினஞ்சாவதைக் கேளு."

"அக்கா, இன்னும் ஒன்பது வீடு இருக்குக்கா. இருட்டறதுக்குள்ள முடிக்கலேன்னா பாதிக் கூலிதான்."

"தெரியும்மா. கேளு."

அந்தப் பெண் அழுதுவிடுவாள் போல இருந்தாள். உட்கார்ந்து, பக்கத்தின் நடுவுக்குத் திரும்பி வந்து, சரியாகப் பழகாத குரலில் படித்தாள். "கூலிக்காக வீட்டிலிருந்தபடி ஏதாவது வேலை செய்கிறீர்களா?"

"செய்யறேன். பட்டன் தைக்கிறேன். ஒரு நாளைக்கு நாப்பது சட்டை. இவ அறுபது. எழுது, நான் பாக்கணும்."

எழுதுவதை வரி வரியாகப் பார்த்தாள். அடுத்த ஏழு கேள்விக்கும் பதில் சொன்னாள். நாத்தனாரும் சொன்னாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கக்கா?"

"உன்கூடத்தான். அந்த ஒன்பது வீட்லயும் 'சும்மா இருக்கேன்'னுதான் சொல்லுவாங்க. யார் என்ன செய்யறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் கேக்கிறேன், நீ எழுது. சீக்கிரம் முடிஞ்சிடும்."

படியிறங்கியவள் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

"ரெண்டு ஆகப் போகுது. அந்தச் சட்டையை நான் வந்து முடிக்கிறேன். நீ வகுப்புக்குக் கெளம்பு."