நூறு டீச்சரும் மூடி டீச்சரும்

நூறு டீச்சருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. பத்தொன்பது வருடம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்திச் சம்பாதித்தது. நாலு வயதுப் பிள்ளைகள் அவரிடம் வந்து சேர்ந்தால் ஆறே மாதத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். நடுவில் ஒரு பிள்ளை திக்கி நின்றால் "ம், அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல் போதும், வண்டி மறுபடி ஓடும்.

பக்கத்து அறைக்கு இந்த வருடம் ஒருத்தி வந்து சேர்ந்தாள். நேற்று முளைத்தவள். கரும்பலகையில் ஒரு எண்கூட எழுத மாட்டாள். தண்ணீர் பாட்டில் மூடிகளை ஒரு மூட்டை கொண்டுவந்து பாயில் கொட்டி, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து விடுவாள். மூன்று மாதம் ஒன்று முதல் ஐந்து வரைதான். "மூணு மூடி எடுத்துட்டு வா", "இதுல அதிகம் எது, கண்ணால பாத்தே சொல்லு", இதுதான் பாடம். இதற்கு ஒரு சம்பளம்! பிள்ளைகள் அவளை மூடி டீச்சர் என்று கூப்பிட்டன.

சரி, தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பெற்றோர்கள் அவள் ஜன்னலில் போய் நிற்க ஆரம்பித்தார்கள். நூறு டீச்சரின் வகுப்பிலேயே கெட்டிக்காரியான ரெட்டைச்சடைக்காரி, சிறுநீர் கழிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். அன்றைக்கு நூறு டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, நிஜமாகவே அங்கேதான் எரிந்தது.

"உனக்கு அந்தப் பொண்ணு மேல பொறாமை" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்கா? அவ மேலயா? போயும் போயும் மூடி பொறுக்குறவ மேலயா?"

"அதான் சொன்னேன்" என்று அவர் பக்கத்தைப் புரட்டினார்.

பொறாமைதான். ஆனால் பொறாமைப்படக் காரணமும் இருந்தது. பிள்ளைகள் குறைந்து போனதால் அடுத்த வருடம் இரண்டு அறையும் ஒன்றாகிறது. ஒரு டீச்சர்தான் சின்னப் பிள்ளைகளோடு இருக்கலாம், மற்றவர் மாடிக்கு, ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை இரண்டு வகுப்பையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். மாடியில் இருப்பதுகள் தானே மூக்கைத் துடைத்துக்கொள்ளும், தானே செருப்பு மாட்டிக்கொள்ளும். அங்கே தனக்கு என்ன வேலை என்று நூறு டீச்சருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாக்பீஸ் வாங்கலாம் என்று பக்கத்து அறைக்குப் போனார். மூடி டீச்சர் பள்ளி வாசலில் வேனிலிருந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். பாயில் பன்னிரண்டு டப்பாக்கள், பிள்ளைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் பத்து மூடி. பத்தை இரண்டு ஐந்தாகப் பிரித்துக் காட்டப் போகிறார்கள் என்று முந்தின நாளே பெருமையாகச் சொல்லியிருந்தாள். "நீங்களும் வந்து பாருங்கக்கா" என்று வேறு.

ஒன்று குறைந்தால் இரண்டு ஐந்து எப்படி வரும்? பிள்ளைகள் குழம்பும், அழும், இவள் மூக்குடைபடுவாள். நூறு டீச்சர் குனிந்து ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு மூடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். நூறு டீச்சரும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்தார். இப்படியொரு காட்சியை விடுவாரா?

"பத்து மூடியையும் ரெண்டு அஞ்சா பிரிங்க பாப்போம்" என்றாள் மூடி டீச்சர்.

பிள்ளைகள் ஒவ்வொரு மூடியாக விரலால் தள்ளித் தள்ளிப் பிரித்தன. அறை அமைதியானது. முன்பல் உடைந்த ஒரு பையன் முதலில் நிமிர்ந்தான்.

"டீச்சர், இங்க அஞ்சு, இங்க நாலு."

"மறுபடி எண்ணுப்பா. நான் பத்து வச்சேன்."

அவன் மறுபடி எண்ணினான். "ஒன்பதுதான். நீங்கதான் தப்பா எண்ணிட்டீங்க."

"எனக்கும் ஒண்ணு குறையுது" என்றது அடுத்த பிள்ளை. பிறகு எல்லாமே சொல்லின. ஒன்றுகூட அழவில்லை. ஒன்றுகூட டீச்சருக்குப் பயந்து பத்து என்று சொல்லவில்லை. மூடி டீச்சரின் முகம் சிவந்து போயிற்று. "மன்னிச்சிருங்க மேடம், நான்தான் தப்பா வச்சிட்டேன் போல."

"தப்பா வச்சதும் நல்லதுக்குத்தான்" என்று தலைமையாசிரியை சிரித்தார். "நாலு வயசுல டீச்சரையே திருத்துதுங்களே." பல் உடைந்தவனின் டப்பாவில் மூடிகளைத் திரும்பப் போட்டு, "இதை நான் கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்று நூறு டீச்சரின் அறைக்கு நடந்தார். நூறு டீச்சர் பின்னாலேயே ஓடினார்.

அவருடைய பிள்ளைகள் நூறு வரை ஒப்பித்தன. சுவர் அதிர்ந்தது. தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு ரெட்டைச்சடைக்காரியை அழைத்து டப்பாவைப் பாயில் கவிழ்த்தார்.

"இதுல எத்தனை இருக்குன்னு சொல்லு கண்ணு."

அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒன்று. இரண்டு. அவசரமே இல்லை. பக்கத்து வாசலில் நின்று கற்றுக்கொண்டதுபோல, தொட்டதைத் தள்ளி வைத்துக்கொண்டே போனாள். ஏழு. எட்டு. ஒன்பது. அங்கே நிறுத்தி நிமிர்ந்து தன் டீச்சரைப் பார்த்தாள்.

பிள்ளை நின்றுவிட்டது. நூறு டீச்சரின் வாய் தானாகத் திறந்தது.

"ம், அப்புறம்?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ரெட்டைச்சடைக்காரி பாயைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிறகு சொன்னபடி கேட்கிற பிள்ளையாக, "பத்து" என்றாள்.

தலைமையாசிரியை மூடிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னார்: "அவ சரியாத்தான் நிறுத்தினா டீச்சர். அடுத்த வருஷம் நீங்க மாடிக்கு வந்துடுங்க."

மதியம் மற்ற பிள்ளைகள் கை கழுவப் போனபோது ரெட்டைச்சடைக்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், அதுல ஒன்பதுதான் இருந்துச்சு."

"தெரியும்மா."

"நீங்களும் எண்ணினீங்களா?"

"இல்ல." யாரிடமும் சொல்ல முடியாததை இந்தப் பிஞ்சிடம் சொல்லித் தொலைக்கலாம் என்று தோன்றியது. "நான்தான் ஒண்ணு எடுத்தேன்."

"அந்த டப்பால மட்டுமா?"

"எல்லா டப்பாலயும்."

திட்டப் போகிறாள் என்று அவர் ஏனோ எதிர்பார்த்தார். எத்தனை என்று அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். கை பத்தவில்லை.

"மூடி டீச்சர் இன்னும் பாய்க்கு அடியில தேடிக்கிட்டு இருக்காங்க டீச்சர்."

நூறு டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்து அறை பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியும் வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது, அணையவில்லை. உள்ளே மூடி டீச்சர் முட்டி போட்டு, பன்னிரண்டு டப்பாவையும் கவிழ்த்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நல்ல வேளை வந்தீங்கக்கா. நேத்து ரெண்டு தடவை எண்ணித்தான் போட்டேன். எண்ணவே தெரியாத நான் எப்படிக்கா இதுங்களுக்குச் சொல்லித் தரப்போறேன்?"

நூறு டீச்சர் அவள் எதிரே பாயில் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்தார்.

"நீ சரியாத்தான் எண்ணினே" என்றார்.