எனக்கும் சேர்த்து

அந்தத் தெருவில் ஓட்டுப் போடுகிறவர் என்று மிச்சமிருந்தது ஒரே ஒருவர்தான். சாவிக்காரர். தெருமுனையில் சின்னதாக ஒரு கடை வைத்துப் பூட்டுத் திறந்து, சாவி வெட்டிப் பிழைப்பவர். மற்றவர்களெல்லாம் ஓட்டுக்கு எதிரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு ஓட்டின் மேல் கொள்ளை மரியாதை. தேர்தல் நாளில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் மாடியிலிருந்து ஒரு குரல் வரும். "கிளம்பிட்டீங்களா? எனக்கும் சேத்துப் போட்டுடுங்க." எதிர் ஜன்னலிலிருந்து இன்னொரு குரல். "அப்படியே எங்க வீட்டுக்கும்." கடைக்குப் போகிறவரிடம் ஒரு பாக்கெட் பால் வாங்கிவரச் சொல்கிற மாதிரிதான். இவரும் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டுப் போய், ஒரு சீட்டில் ஒரு முத்திரை குத்திவிட்டு வருவார். விரலில் இருக்கும் மையைப் பார்த்ததும் தெருவே நிம்மதியாக மதியத் தூக்கம் போடும்.

வினை போன தேர்தலில்தான் பிடித்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே சீட்டு. மக்கள் தன்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று ஜெயித்தவர் மேடை போட்டுப் பேசினார். அதில் பொய்யில்லை, இருந்தது ஒரு மனதுதான். தோற்றுப்போன, பக்கத்து வட்டத்து ஜவுளிக்கடைக்காரர் நேராகச் சாவிக்காரர் கடைக்கு வந்து நின்றார். "நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" என்று கேட்டார். ரகசிய ஓட்டு என்று இவர் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதுவும் தப்பாகப் போய்விட்டது.

இந்த முறை நிலைமை இன்னும் மோசம். நிற்பவர்களில் ஒருவர், மனைவியின் அண்ணன், அதாவது மச்சான். இன்னொருவர், இவருடைய கடையின் சொந்தக்காரர். இருவரும் குடியிருப்பது பக்கத்து வட்டத்தில், அதனால் தங்களுக்கே ஓட்டுப் போட முடியாத பாவப்பட்ட ஜென்மங்கள். மூன்றாவதாக, அதே பக்கத்து வட்டத்து ஓய்வுபெற்ற டைப்ரைட்டிங் டீச்சர் ஒருவரும் நின்றார். அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மச்சான் வீட்டுக்கு வந்து சோபா நிறைய உட்கார்ந்தார். தெருவுக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார்.

"இங்க ஆறு இல்லையே மச்சான்."

"முதல்ல பாலம் வரட்டும் மாப்பிள்ளை. ஆத்தை அப்புறம் பாத்துக்கலாம். உங்க ஒரு ஓட்டு போதும், நான் ஜெயிச்ச மாதிரி." டீ கொண்டுவந்து வைத்த தங்கையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை கம்மி" என்றார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் போன பிறகு அவள் சொன்னாள்: "அவன் தோத்தா நான் எங்க அம்மா வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. பாத்து செய்யுங்க."

"அப்ப நீயும் வந்து போடேன்."

"வீட்டுக்கு ஒருத்தர் போனா போதாதா?" என்றாள்.

கடைச் சொந்தக்காரர் இன்னும் நாசூக்கானவர். கடை வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். மழைக்கு ஒழுகி ஒழுகிக் கூரையில் ஒரு தேசப்படமே உருவாகியிருந்தது. "காலி பண்ணுங்கன்னு நான் சொல்லலை. ஓட்டு எண்ணி முடியட்டும்னுதான் சொல்றேன்" என்றார்.

ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் வீடு. எந்தப் பக்கம் குத்தினாலும் மறுபக்கம் போச்சு. போடாமல் இருந்தால் இரண்டும் போச்சு. சாவிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நன்றாக யோசித்ததில் ஒரே ஒரு வழி தெரிந்தது. ஒளிந்துகொள்ள ஒரு கூட்டம் வேண்டும்.

தேர்தலன்று காலையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "யாருக்கு வேணா போடுங்க, வந்து போட்டா போதும்" என்று கெஞ்சினார். ரொட்டிக்கடைக்காரர் உருகிப்போனார். "உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் நாடு ஏதோ ஓடுது. எனக்கும் சேத்துப் போட்டுடுங்க." சலவைக்கடை அம்மா, "புதுசா என்ன வழக்கம்? எப்பவும் நீங்கதானே?" என்று கோபித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அலுவலர்கள் இவர் தலை தெரிந்ததும் எழுந்து நின்றார்கள். "வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். நீங்க போட்டுட்டா மூட்டை கட்டிடலாம்."

இவர் வாசலோடு திரும்பிவிட்டார். ஜென்மத்தில் வராத கோபம் அன்றைக்கு வந்தது. ஊருக்கெல்லாம் சேர்த்துப் போட வேண்டுமாமே. சரி, போட்டுவிடலாம். கடைக்குப் போனார். பூட்டுக்குப் போடும் கறுப்புக் கிரீஸை ஆள்காட்டி விரலில் தடவிக்கொண்டு ரொட்டிக்கடைக்குள் நுழைந்தார்.

"போட்டாச்சு. உங்களுக்கும் சேத்துத்தான்."

"ரொம்ப சந்தோஷம்."

"உங்க ஓட்டை எங்க மச்சானுக்குக் குத்திட்டேன்."

ரொட்டிக்கடைக்காரரின் முகம் சிவந்துபோனது. மச்சான் காரைக் கொண்டுவந்து நிறுத்துவது எப்போதும் அந்தக் கடையின் வாசலை மறித்துத்தான். "என் ஓட்டையா? அந்த ஆளுக்கா? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாருக்குன்னு நீங்க சொல்லலையே."

ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். சலவைக்கடை அம்மாவின் ஓட்டு, அவளுக்கு ஆகவே ஆகாத கடைச் சொந்தக்காரருக்குப் போயிருந்தது. அவள் இஸ்திரிப்பெட்டியை அணைத்தாளோ இல்லையோ, தெருவில் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு சாவிக்காரர் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செய்தி தானே கதவு கதவாகத் தட்டியது. தன் ஓட்டைத் தான் போடுவதற்கு அலுத்துக்கொண்ட தெரு, அதை இன்னொருவர் தப்பாகப் போட்டுவிட்டார் என்றதும் பொங்கி எழுந்தது. வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அலுவலர்கள் மூட்டையைப் பிரித்தார்கள்.

வரிசையின் நடுவில் மனைவி நின்றிருந்தாள்.

"எனக்கும் சேத்து யாருக்குப் போட்டீங்க?"

"உனக்குப் போடலைம்மா. எனக்கே இன்னும் போடலை."

"நல்லதாப் போச்சு. என்னுதை நானே போட்டுக்கறேன்" என்று அவள் முன்னால் நகர்ந்தாள்.

சாவிக்காரர் கடைசியில் போய் நின்றார். முறை வந்தபோது அலுவலர் விரலைப் பார்த்து, ஏற்கெனவே போட்டாச்சே என்று விரட்டப் பார்த்தார். கிரீஸைக் கால்சட்டையில் தேய்த்துக் காட்டி, முகர்ந்து பார்க்கக் கொடுத்து ஒருவழியாகச் சீட்டை வாங்கினார்.

மறைப்புக்குள் போனதும் முத்திரையைக் கையில் எடுத்தார். இத்தனை வருஷம் தெருவுக்கெல்லாம் போட்டவருக்கு, தனக்கு என்று போட இப்போதுதான் ஒரு ஓட்டு கிடைத்திருக்கிறது. வெளியே இருந்த சத்தத்தைக் கேட்கக் கேட்கத் தைரியம் வந்தது. டைப்ரைட்டிங் டீச்சர் ஞாபகம் வந்தது. அவர் முன்பு ஒரு நாள் கடைக்கு வந்து, சாவி வெட்டும் நேரம் முழுக்கத் தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இது பகல்ல எரிஞ்சு ராத்திரி அணையுது?" என்று கேட்டார். ஓட்டுக் கேட்கவில்லை. சாவிக்காரர் மூன்றாவது பெயரின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். வாழ்நாளில் இவ்வளவு பெரிய துணிச்சலான காரியம் எதையும் அவர் செய்ததில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

டீச்சர்தான் ஜெயித்தார். கடைச் சொந்தக்காரர் தெரு முழுவதையும் சந்தேகப்பட வேண்டியிருந்ததால் யாரையும் சந்தேகப்பட முடியவில்லை. கடையைக் காலி பண்ணச் சொல்லாமல் போய்விட்டார். மச்சான் அப்படி இல்லை. அன்று இருட்டியதுமே வந்து வாசலில் நின்றார்.

"நீங்கதானே மாப்பிள்ளை?"

சாவிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

"அவரை ஏன் கேக்கறே? உனக்குப் போடாதது நான்."

மச்சான் அவள் பக்கம் திரும்பினார். "ஏன்?"

"அவர்கிட்ட வந்து ஓட்டுக் கேட்டே. டீ கொடுத்தேனே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? டீச்சர் சமையல்கட்டு வரைக்கும் வந்து கேட்டாங்க." பிறகு கணவனைப் பார்த்தாள். பார்வையில் பிரியமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. "இவரு பாவம், உனக்குத்தான் போட்டிருப்பாரு. வேற யாருக்கும் போடற தைரியமெல்லாம் இவருக்கு ஏது?"

மச்சான் தழுதழுத்துப்போய் வந்து சாவிக்காரரைக் கட்டிக்கொண்டார். "நீங்க ஒருத்தராவது இருந்தீங்களே மாப்பிள்ளை" என்றார்.

சாவிக்காரர் வாயைத் திறந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். தெருவிளக்கு இன்னும் அணைந்துதான் கிடந்தது. அந்த இருட்டில் அவர் மச்சானின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.